வியாழக்கிழமையே கிளம்பியவன்

இரண்டாயிரத்து மூன்று ஏப்ரல் மாதம் முழுக்க நான் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் சார்ஸ் பரவிக்கொண்டிருந்தது. பெங்களூரில் பரவியது வதந்தி. ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலைக்குச் சீனாவிலிருந்து மெஷின் வந்து இறங்கியதும், பெட்டியைத் தொட மாட்டோம் என்று ஆட்கள் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேகாத வெயிலில் அங்கே போய், மெஷினுக்கு ஜுரம் வராது என்று மூன்று பாஷையில் சொல்லிவிட்டு வந்தது நான்தான். மெஷினையாவது சமாதானப்படுத்தியிருக்கலாம். மனுஷர்களிடம் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

நான் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி. ஊரில் உள்ள ஓர் அரசு ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், எனக்குச் சார்ஸ் கண்காணிப்பு என்று ஒரு வேலை கொடுத்து, ஒரு மேஜையும் ஓடாத ஒரு ஃபேனும் கொடுத்திருந்தார்கள். வைத்தியம் என் வேலையல்ல. வருகிறவருக்குப் பெயர் வைப்பதுதான் வேலை. அதற்கு ஒரு தாள் உண்டு. ஜுரம் முப்பத்தெட்டு டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ இருக்க வேண்டும். ஜுரம் வருவதற்கு முந்தைய பத்து நாளுக்குள் சிங்கப்பூர் மாதிரி நோய் பரவும் ஊரில் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்கனவே நோய் வந்த ஒருவரோடு நெருங்கிப் பழகியிருக்க வேண்டும். எல்லாம் பொருந்தினால் அவர் ‘சஸ்பெக்ட்’. எக்ஸ்ரேயில் நுரையீரலில் சளிக்கட்டும் தெரிந்தால் ‘ப்ராபபிள்’. புனேயில் உள்ள வைரஸ் பரிசோதனைக்கூடத்துக்குச் சளி மாதிரி அனுப்பி, அங்கே வைரஸ் இருக்கிறது என்று சொன்னால் ‘கன்ஃபர்ம்ட்’. ஒன்று குறைந்தாலும் ‘கேஸ் இல்லை’.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் தெரியுமா? சஸ்பெக்ட் ஆனால்தான் மாதிரி எடுக்கலாம். சஸ்பெக்ட் ஆனால்தான் தனி அறை, நர்ஸுக்கு நல்ல மாஸ்க், கவுன். வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், இருக்கலாம் என்று முதலில் தாள் சொல்ல வேண்டும். தாள் இல்லை என்றால் இல்லைதான், ஆள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாலும் சரி. ‘வைரஸ் தாளைப் படிச்சிருக்குமா சார்?’ என்று மீட்டிங்கில் ஒரு தடவை கேட்டேன். அன்றிலிருந்து மீட்டிங்கில் எனக்குக் கடைசி நாற்காலி.

ஏப்ரல் இருபத்து மூன்று, புதன்கிழமை. கண்ணா என்ற முப்பத்தோரு வயது சாஃப்ட்வேர் இன்ஜினீயரை மல்லேஸ்வரத்திலிருந்து கூட்டி வந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் ஜுரம் ஆரம்பித்திருந்தது. இருமல், மூச்சு வாங்கல். ஆறு மாதம் சிங்கப்பூரில் பிராஜெக்ட் வேலை. மூக்கில் ஆக்ஸிஜன். அவன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற அம்மா பாமா பதில் சொன்னார். அவனுக்குச் சாப்பிடப் பிடித்தது, பிடிக்காதது, அலர்ஜி, ஜாதகம் எல்லாம் சொன்னார்.

“சிங்கப்பூர்லேர்ந்து என்னிக்குக் கிளம்பினார்?” என்று கேட்டேன்.

“வியாழக்கிழமை. பத்தாம் தேதி. காலம்பரவே கிளம்பிட்டான்.”

“இங்கே என்னிக்கு வந்தார்?”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆத்துக்கு வந்தான். மெட்ராஸ்ல இறங்கி அவன் அக்காவைப் பாத்துட்டு ரயில்ல வந்தான். நீங்க நம்மவாதானே டாக்டர்? பூர்வீகம் எது?”

வியாழக்கிழமை கிளம்பி, அக்கா வீட்டில் மூன்று நாள் தங்கி, ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறான் என்று நான் புரிந்துகொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள் என்று பிற்பாடு எனக்கு நானே நூறு தடவை சொல்லிக்கொண்டேன். கண்ணாவைப் பார்த்து, “பத்தாம் தேதிதானே?” என்றேன். அவன் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். பாஸ்போர்ட்டைக் கேட்டேன். அமெரிக்க விசாவுக்காக ஆபீஸில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். வெளியே இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்குச் சளிகூட இல்லை, சீன ஹோட்டலில் நூடுல்ஸ் சாப்பிட்ட பயம்.

பத்தாம் தேதிக்கும் இருபத்திரண்டாம் தேதிக்கும் நடுவில் பன்னிரண்டு நாள். தாளில் பத்து. ‘கேஸ் இல்லை’ என்று எழுதி, டெபுடி டைரக்டர் கிருஷ்ணப்பாவின் முத்திரையைக் குத்தி, ‘இவருக்காக’ என்று கீழே கிறுக்கலாக ஒரு கையெழுத்துப் போட்டு, வார்டுக்குச் சீட்டு அனுப்பினேன். இரண்டு நாள் பிசகியதால் ஒரு தொல்லை விட்டது என்று அன்றைக்கு எனக்கு உள்ளூர நிம்மதிதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாவை ஆறாம் நம்பர் அறையில் போட்டார்கள். பகல் டியூட்டி நர்ஸ் டோரீன். இருபத்தேழு வயது, ஆஸ்டின் டவுன்காரி. வீட்டில் மாமியார் நோரா, புருஷன், ஏழு மாதக் குழந்தை. பிரசவ லீவு முடிந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வார்டில் நல்ல மாஸ்க் எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள், கேஸ்களுக்கு மட்டும். கண்ணா கேஸ் இல்லை. அதனால் டோரீன் துணி மாஸ்க்கோடு ஐந்து நாள் அவனுக்கு நெபுலைசர் வைத்தாள், சளி எடுத்தாள், முதுகைத் தட்டினாள். ராத்திரி வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

திங்கட்கிழமை, இருபத்தெட்டாம் தேதி, டோரீனுக்கு ஜுரம் வந்தது.

மறுநாள் காலையில் நான் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது அவள் நர்ஸ் ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த சிமென்ட் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனேன்.

“அங்கயே நில்லுங்க டாக்டர். கிட்ட வராதீங்க.”

நின்றேன். அவள் எங்கிருந்தோ ஒரு நல்ல மாஸ்க்கைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தாள். மடியில் டியூட்டி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. வைரல் ஜுரம், வீட்டில் மூன்று நாள் ஓய்வு.

“வீட்டுக்குப் போகச் சொல்றாங்க. ஒண்ணரை ரூம் வீடு டாக்டர் அது. பாப்பாவ எங்க வெக்கிறது, நான் எங்க படுக்கிறது? நேத்து ராத்திரி வீட்டுக்கே போகல. ஹாஸ்டல் வராண்டால படுத்தேன். இன்னிக்கு வார்டன் கெளம்புன்னுட்டாங்க. எனக்கு ஒரு தனி ரூம் குடுங்க. சாம்பிள் எடுங்க. அவ்ளோதான் கேக்கறேன்.”

“சஸ்பெக்ட்னு இருந்தாத்தான் டோரீன்...”

“அப்ப சஸ்பெக்ட்னு எழுதுங்க! ஜுரம் நூத்தி ரெண்டு இருக்கு. இருமல் இருக்கு. சிங்கப்பூர் பேஷண்ட் கூட அஞ்சு நாள் இருந்திருக்கேன். இன்னும் என்னா வேணும்?”

அந்தப் பேஷண்ட் கேஸாக இருக்க வேண்டும். அதுதான் வேண்டும். அவன் கேஸ் இல்லையென்றால் இவள் யாரோடும் பழகியவள் இல்லை. அந்த மாதம் எத்தனையோ பேர் தங்கள் பெயரை என் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி அழுதிருக்கிறார்கள், மந்திரி வீட்டிலிருந்து போன்கூடப் போட்டிருக்கிறார்கள். என்னைக் கேஸ் என்று எழுது என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். இவளை எழுத முடியவில்லை.

“அவரைக் கேஸ் இல்லைன்னு எழுதின புண்ணியவான் யாரு? கிருஷ்ணப்பா சார்தானே?” என்றாள். “சீட்டுல அவர் சீல் பாத்தேன். ரூமுக்குள்ள ஒரு நாள் வந்து எட்டிப் பாத்திருப்பாரா அந்த ஆளு?”

“இங்கயே இரு, பாத்துட்டு வரேன்” என்று மட்டும் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது ஒரு ரூபாய் போன் பெட்டிக்குப் போய், ரிசீவரை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, மாமியாரிடம் “பால் குடிச்சாளா மம்மி?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும் மறுபடியும் துடைத்தாள்.

நேரே கிருஷ்ணப்பாவிடம் போனேன். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அந்த மாதம் டெல்லிக்குத் தினமும் பூஜ்யம் என்று ரிப்போர்ட் அனுப்பி அனுப்பி, பூஜ்யத்தின் மேல் அவருக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

“நோடி டாக்டரே,” என்றார். கன்னடத்தில்தான் பேசுவார். “நர்ஸுக்கு ஜுரம் வந்ததுங்கறதுக்காக, பேஷண்டைக் கேஸ் ஆக்க முடியுமா? தலைகீழால்ல இருக்கு? கேட்டுக்கு வெளிய ரெண்டு டிவி வேன் நிக்கறது. ப்ராபபிள்னு ஒரு வார்த்தை இங்கிருந்து போனா, நாளைக்கு ஊர்ல ஒரு கடை திறக்காது.”

“ஒரு ரூம் மட்டும் குடுங்க சார். பெயர் எதுவும் வேண்டாம்.”

“பெயர் இல்லாம ரூம் எப்படி? அந்த வார்டுக்கே தனி ஆர்டர் இருக்கு. நீங்கதானே எல்லாருக்கும் கிளாஸ் எடுத்தீங்க? பத்து நாள்னா பத்து நாள்.”

நான்தான் எடுத்தேன். பதினொன்றாம் நாளை உள்ளே விட்டால் பன்னிரண்டாம் நாளும் வந்து நிற்கும் என்று அதில் ஒரு ஜோக்கும் அடித்திருந்தேன்.

எரிச்சலோடு ஆறாம் நம்பர் அறைக்குப் போனேன். என்னத்தைத் தேடிப் போனேன் என்று எனக்கே தெரியாது. வெளியே வராண்டாவில் பாமா மாமி, கையில் பிளாஸ்க்கோடு, பக்கத்துப் பேஷண்டின் மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

“எல்லாம் பாத்துப் பாத்துத்தான் பண்ணினேன். ஞாயித்துக்கிழமை மேக்கே சூலம், அன்னிக்குக் கிளம்பாதேடான்னு தலைப்பாடா அடிச்சுண்டேன். டிக்கெட் மாத்த முடியாதுன்னுட்டான். சரி, வியாழக்கிழமையே பரஸ்தானம் வெச்சுடுன்னேன். வெச்சான். அப்படியும் இப்படி ஆயிடுத்தே!”

நான் அப்படியே நின்றேன்.

பரஸ்தானம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாம் பயணம் போகிற நாள் நல்ல நாளாக இல்லையென்றால், முன்னதாக ஒரு நல்ல நாள் பார்த்து, உடுப்பு ஒன்றைப் பையில் வைத்து அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிய மாதிரி. அப்புறம் ஆள் சாவகாசமாக வந்து பையை எடுத்துக்கொண்டு போகலாம். என் அப்பா சமஸ்தான காலத்து ரெவின்யூ இலாகாவில் இருந்தவர். ஷிமோகாவுக்குக் கேம்ப் போவதென்றால் இரண்டு நாள் முன்னாலேயே எதிர்வீட்டு சுந்தரமூர்த்தி வீட்டில் அவருடைய டிரங்குப் பெட்டி போய் உட்கார்ந்திருக்கும். அந்த இரண்டு நாளும் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, வருகிறவர்களிடம் ‘நான் திங்கட்கிழமையே கிளம்பியாச்சு’ என்பார். கிளம்பவில்லை என்று வாயால் சொன்னால் பலிக்காதாம். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் நான். அதையெல்லாம் விட்டொழித்துவிட்டேன் என்று பெருமையடித்துக்கொண்டவளும் நானே.

“மாமி,” என்றேன். குரல் எனக்கே பயமாக இருந்தது. “உங்க பிள்ளை ஏரோப்ளேன் ஏறினது என்னிக்கு?”

“ஞாயித்துக்கிழமை விடியகாலம்.”

“என்கிட்ட வியாழக்கிழமைன்னீங்களே!”

“கிளம்பினது வியாழக்கிழமைதானே டாக்டர்? ராகு காலத்துக்கு முன்னாடி வேஷ்டியைப் பையில வெச்சு, பக்கத்து பிளாக்குல உத்தமன்னு கூட வேலை பாக்கற பையன் ஆத்துல கொண்டுபோய் வெச்சான். ஏறினது என்னிக்குன்னு நீங்க கேக்கலையே.”

“மெட்ராஸ்ல அக்கா ஆத்துல தங்கலையா?”

“எங்கே தங்கறது? அவதான் ஏர்போர்ட்டுக்குத் தயிர் சாதம் கொண்டுவந்து குடுத்துட்டுப் போனா.”

வராண்டா முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வேஷ்டி கிளம்பினதையா கேட்டேன், வேஷ்டிக்கா ஜுரம் வந்தது என்று கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். பாமா மாமி பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அந்த அம்மாளுக்குத் தெரிந்த வரையில் அவர் சொன்னது சத்தியம். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

உள்ளே கண்ணா எழுந்து உட்கார்ந்திருந்தான். ஜுரம் இறங்கியிருந்தது, மூச்சும் பரவாயில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் சிங்கப்பூரில் ஆபீஸ் போனாயா என்று கேட்டேன். போனேன் மேடம், ரயிலில்தான், டீமில் ஒருவனுக்கு இருமல் இருந்தது என்றான். “பின்னே அன்னிக்கு ஏன் தலையாட்டினே?” என்றால், “அம்மா சொல்லிட்டாங்களே மேடம், மாத்திச் சொன்னா வருத்தப்படுவாங்க” என்கிறான். முப்பத்தோரு வயது. இவனை நம்பித்தான் அமெரிக்காவில் ஏதோ பேங்கே ஓடுகிறதாம்.

“போர்டிங் பாஸ் இருக்கா?”

“லேப்டாப் பையில இருக்கு மேடம். ஆபீஸ்ல கேப்பாங்கன்னு எடுத்து வெச்சேன்.”

கட்டிலுக்கு அடியில் பை. முன் பக்க ஜிப்பில் அட்டை. ஏப்ரல் 13. பதின்மூன்றிலிருந்து இருபத்திரண்டு, ஒன்பது நாள். ஆறு நாளாக அந்தப் பை அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான் கேட்டிருந்தால் அன்றைக்கே அரை நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்திருப்பான்.

கிருஷ்ணப்பா அட்டையை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் வேறு தேதி இருக்கும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

“ரிப்போர்ட் போயாச்சே டாக்டரே. இப்ப மாத்தினா, முதல்ல ஏன் தப்பாச்சுன்னு கேப்பாங்க. யாராவது எழுத்துல பதில் சொல்லணும்.”

“பேப்பர் குடுங்க. எழுதறேன்.”

“யோசிச்சு எழுதுங்க. மெமோ வரும். ப்ரமோஷன் லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு.”

“யோசிச்சா சாயங்காலம் ஆயிடும் சார். அவ வெயில்ல உக்காந்திருக்கா.”

ஆறு வரி எழுதினேன். பயணத் தேதியை ஆதாரம் பார்க்காமல் பதிந்தது என் தவறு. பரஸ்தானத்தைப் பற்றி எழுதவில்லை. டெல்லிக்கு அதை இங்கிலீஷில் விளக்க எனக்குத் தெம்பில்லை, அதோடு அது சாக்கு மாதிரி இருந்திருக்கும். கிருஷ்ணப்பா படித்துவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினார். இந்தத் தடவை கையெழுத்தையும் அவரே போட்டார்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. தாள் ஒத்துக்கொண்டால் இந்த ஆஸ்பத்திரி எவ்வளவு வேகமாக ஓடும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணா சஸ்பெக்ட். கண்ணாவோடு பழகியதால் டோரீனும் சஸ்பெக்ட். மத்தியானம் இரண்டு மணிக்கு அவளுக்குத் தனி அறை, பாத்ரூமோடு. மூன்று மணிக்கு எக்ஸ்ரே. வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு. ‘ப்ராபபிள்’ என்று எழுதும்போது பேனா சரியாக எழுதவில்லை, இரண்டு தடவை உதற வேண்டியிருந்தது. தொண்டையிலிருந்து மாதிரி எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துப் புனேக்கு அனுப்பினோம். பதில் வர ஒரு வாரம் ஆகும்.

நாலு மணிக்கு முழுக் கவுன், கண்ணாடி, மாஸ்க்கோடு அவள் அறைக்குப் போனேன். படுத்திருந்தாள். ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெரிந்ததும் சிரித்தாள்.

“தேங்க்ஸ் டாக்டர். நீங்க இல்லேன்னா இந்நேரம் வீட்ல பாப்பா பக்கத்துல படுத்திருப்பேன்.”

“பேசாதே. மூச்சு வாங்கறது பாரு.”

“இல்ல, சொல்லணும். எல்லாரும் ரூல்ஸ் ரூல்ஸ்னாங்க. நீங்க ஒருத்தர்தான் ஓடினீங்க. அந்தக் கிருஷ்ணப்பா சார் மட்டும் மொதல் நாளே ஒழுங்கா எழுதியிருந்தா...” இருமல் வந்து நிறுத்தியது. கையால் சைகை காட்டினாள், மாஸ்க், கவுன் என்று. எனக்குப் புரிந்தது. முதல் நாளே எழுதியிருந்தால் இதெல்லாம் அவளுக்கும் கிடைத்திருக்கும்.

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவளுக்கு ஜுரம், மெமோவைப் பற்றி அவளுக்குத் தெரியாது, கிருஷ்ணப்பாவும் அவள் திட்டுவதைக் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தேங்க்ஸை வாங்கிக்கொண்டு கதவைத் தாண்ட என்னால் முடியவில்லை.

“கிருஷ்ணப்பா சார் இல்லை டோரீன். அந்தச் சீட்டை எழுதினது நான்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“கிளம்பின தேதியைத் தப்பா எழுதிட்டேன். அவன் அம்மா சொன்னதை நம்பி, டிக்கெட்டைப் பாக்காம எழுதிட்டேன். சீல்தான் அவரோடது. காலைல நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும். சொல்லலை.”

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆக்ஸிஜன் பாட்டிலில் தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. என் கண்ணாடி மூடு பனி மாதிரி மங்கிவிட்டது, துடைக்கவும் கூடாது. போய்விடட்டுமா என்று நினைத்தபோது பேசினாள்.

“அஞ்சு நாள் பாப்பாவுக்குப் பால் குடுத்திருக்கேன் டாக்டர்.”

“தெரியும்.”

“அவளுக்கு ஜுரம் வந்தா?”

இதற்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது. ப்ராபபிள் கேஸோடு நெருங்கிப் பழகியவள், ஜுரம் முப்பத்தெட்டைத் தாண்டி இருமலும் வந்தால் உடனே சஸ்பெக்ட், அன்றைக்கே அறை, அன்றைக்கே மாதிரி, தேதியில் ஒரு குழப்பமும் கிடையாது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அந்த மாதத்தில் முதல் தடவையாகத் தாளில் ஓர் ஓட்டைகூட இல்லை.

“அத கேக்கல,” என்றாள், சுவரைப் பார்த்தபடியே. “எழுதறதுக்கு வேற யாரையாவது அனுப்புங்க. நீங்க வராதீங்க.”

சரி என்றேன்.